இரண்டு விரல் மடங்கிய பிறகு: பியானோ கலைஞர் லியான் ஃப்ளைஷர், ஒரு நிகழ்வு ஆய்வு

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்கும் சித்தூருக்கும் நடுவே பிள்ளைகளுக்கு பியானோவும் கீபோர்டும் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. மாதத்தில் ஒரு ஞாயிறு பாலக்காட்டில் எங்களைப் போல இசை சொல்லித்தருகிற நாலைந்து பேர் கூடுவோம். கல்பாத்தியில் மிருதங்கம் சொல்லித்தரும் மாமா, பிடில் டீச்சர் ஒருவர், நான், இன்னும் இரண்டு பேர். ஆளுக்கொரு முறை ஒரு விஷயத்தை எடுத்துவந்து பேச வேண்டும். போன மாதம் என் முறை. நான் எடுத்துப்போனது ஓர் அமெரிக்கப் பியானோ கலைஞரின் கதை. பாலக்காட்டு மேடைக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எடுக்கவைத்தது எங்கள் ஊர்ப் பையன் ஒருவன்.

அவன் கானமேளா என்கிற மெல்லிசைக் கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். சீசனில் மாதத்துக்குப் பதினைந்து மேடை ஏறுவான். ஒருநாள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வலது கையை நீட்டிக் காட்டினான். பார்க்க ஒரு குறையும் இல்லை.

"மாஷே, வேற எந்த வேலைக்கும் கை சரியாத்தானுங்க இருக்குது. சட்டை பட்டன் போடறேன், இளநி வெட்டறேன், வண்டி ஓட்டறேன். கட்டையில வெச்சாத்தான் இந்த ரெண்டு விரலும் உள்ள மடங்கிக்குது."

மோதிர விரலும் சுண்டு விரலும். வலி கிடையாது. குழுத் தலைவர் "ஒத்திகை போதலை" என்றிருக்கிறார். அம்மா மந்திரித்த கயிறு கட்டிவிட்டிருக்கிறார். ஒரு மருத்துவமனையில் கழுத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவன் எல்லாரையும் நம்பியிருக்கிறான், முக்கியமாகக் குழுத் தலைவரை. தினம் இரண்டு மணி நேரம் வாசித்தவன் ஐந்து மணி நேரம் ஆக்கியிருக்கிறான். விரல் இன்னும் வேகமாக மடங்கியது.

கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு ஃப்ளைஷர் ஞாபகம் வந்துவிட்டார். அதே வலது கை, அதே இரண்டு விரல்கள்.

ஆள்

லியான் ஃப்ளைஷர் 1928 ஜூலை 23-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். அப்பா தொப்பி செய்கிறவர். பிழைக்க வந்த யூதக் குடும்பம். அண்ணனுக்குத்தான் முதலில் பியானோ வாத்தியார் வந்தார். அண்ணன் பாடம் முடித்து விளையாட ஓடியதும் தம்பி போய் உட்கார்ந்து, காதில் விழுந்ததை வாசித்துக் காட்டியிருக்கிறான். பாடம் கைமாறியது. நம் பக்கத்திலும் இப்படி வித்வான் ஆனவர்கள் இருக்கிறார்கள், ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அவருடைய குரு ஆர்தர் ஷ்னாபெல், பேர்பெற்ற பியானோ கலைஞர். சின்னப் பிள்ளைகளை அவர் சேர்ப்பதில்லை. ஆகவே ஆல்ஃபிரட் ஹெர்ட்ஸ் என்ற இசைக்குழு நடத்துநர் ஒரு தந்திரம் செய்தார். ஷ்னாபெலை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்து, அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பையனைப் பக்கத்து அறையில் பியானோ முன்னால் உட்காரவைத்துவிட்டார். கேட்டுவிட்டு ஷ்னாபெல் சேர்த்துக்கொண்டார். நிபந்தனை ஒன்றே: படிக்கிற காலத்தில் கச்சேரி கூடாது. ஒன்பது வயதுப் பையன் இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் இருந்த ஷ்னாபெலிடம் போய்ச் சேர்ந்தான். பத்து வருடப் பாடம்.

இந்த இடத்தில் மிருதங்க மாமா குறுக்கிட்டார்: "அவாளுக்கும் பாட்டன் பூட்டன்னு குரு பரம்பரை உண்டோ?" உண்டு. ஷ்னாபெலின் குரு லெஷெடிட்ஸ்கி. அவருடைய குரு கார்ல் செர்னி. செர்னியின் குரு பீத்தோவன். மாமா விரல்விட்டு எண்ணி, "அப்போ இவர் பீத்தோவனுக்கு அஞ்சாவது படி" என்று பீத்தோவனையும் சேர்த்தே கணக்குப் போட்டுக்கொண்டார்.

பதினாறு வயதில், 1944-ல், கார்னகி ஹாலில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு இசையமைப்பாளர் பிராம்ஸின் முதல் பியானோ கன்சர்ட்டோ வாசித்தார் (கன்சர்ட்டோ என்றால் முழு இசைக்குழுவோடு ஒருவர் தனித்து வாசிக்கிற நீண்ட இசை). நடத்தியவர் பியர் மோந்தோ. இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று பையனைப் பற்றிச் சொன்னவரும் அவரே. 1952-ல் பிரஸ்ஸல்ஸில் எலிசபெத் ராணி போட்டியில் முதல் பரிசு. அமெரிக்கர் ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல் தடவை. பிறகு நடத்துநர் ஜார்ஜ் ஸெல்லும் அவருடைய க்ளீவ்லாண்ட் இசைக்குழுவும். பிராம்ஸின் இரண்டு கன்சர்ட்டோக்களும் பீத்தோவனின் ஐந்தும் 1958 முதல் 1962 வரை பதிவாயின. அறுபது வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பதிவுகளைத் தேடிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸெல் கறாரான மனிதர், தாளத்தில் முடியளவும் விட்டுக்கொடுக்காதவர். அவரோடு சரிசமமாக நின்ற ஒரு முப்பது வயதுக்காரரின் வாசிப்பை அதில் கேட்கலாம். பிராம்ஸ் முதல் கன்சர்ட்டோவை நான் முதலில் கேட்டது ஒரு கேசட்டில். கேசட் நைந்துபோகும்வரை கேட்டேன்.

இதற்கிடையில் ஒரு காரியம் நடந்தது. 1959-ல் பால்டிமோரின் பீபடி இசைப்பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். வருடம் முழுக்க ஊர் ஊராகக் கச்சேரி செய்கிறவருக்கு அது உபதொழில். இந்த வருடத்தை ஒரு ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கை

1964 வாக்கில் வலது கையின் நான்காம் ஐந்தாம் விரல்கள் தாமாக உள்ளே மடங்க ஆரம்பித்தன. மறு வருடம் ஸெல்லோடும் க்ளீவ்லாண்ட் குழுவோடும் சோவியத் நாட்டுக்கு நீண்ட பயணம் போவதாக ஏற்பாடு. அதிலிருந்து விலக நேர்ந்தது. அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது.

இரண்டு விரல் போவது அப்படியென்ன பெரிய விஷயம் என்று வாசிக்காதவர்களுக்குத் தோன்றலாம். பியானோவில் வலது கை ஒரு சுரக்கூட்டை, அதாவது பல சுரங்களை ஒரே நேரத்தில், அழுத்தும்போது ராகம் மேல் நுனியில் ஓடும். மேல் நுனியில் இருப்பது சுண்டு விரலும் மோதிர விரலும். பாட்டைப் பாடுகிற விரல்களே அவை. கட்டை விரலும் மற்றவையும் பெரும்பாலும் நடுவை நிரப்புகின்றன. ஆகையால் அவருக்குப் போனது கையின் ஐந்தில் இரண்டு பங்கு என்று கணக்குப் போட முடியாது. கச்சேரியில் வாய்ப்பாட்டு போய் சுருதி மட்டும் நின்ற மாதிரி.

அவர் என்ன செய்தார்? எங்கள் பையன் செய்ததையே. இன்னும் அதிக நேரம் வாசித்தார், விரலை வற்புறுத்தினார். பிற்பாடு பேட்டிகளில் அதைத் தன் பெரிய தவறாக அவரே சொல்லியிருக்கிறார். ஊசி, மின்சார சிகிச்சை, மனநல ஆலோசனை, ஹிப்னாடிசம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. மனம் உடைந்து, உயிரை விட்டுவிடலாமா என்று நினைத்த நாட்களும் இருந்தன என்று மறைக்காமல் சொன்னவர்.

இன்று அந்த நோய்க்குப் பெயர் ஃபோகல் டிஸ்டோனியா. தசையிலோ எலும்பிலோ கோளாறு இல்லை, கோளாறு மூளையில். ஒவ்வொரு விரலுக்கும் மூளையில் தனித்தனி இடம் உண்டு. ஒரே நுணுக்கமான அசைவை ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்பச் செய்யும்போது, சிலருக்கு அந்த இடங்களின் வரப்பு அழிந்து ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. இரண்டு வயலுக்கு நடுவே வரப்பு கரைந்தால் ஒன்றுக்குப் பாய்ச்சும் தண்ணீர் அடுத்ததிலும் போய் நிற்கும் அல்லவா, அப்படி ஒரு விரலுக்குப் போகும் கட்டளை பக்கத்து விரலையும் இழுக்கிறது. தொழில்முறை இசைக் கலைஞர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு வருகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பியானோக்காரர்களுக்குப் பெரும்பாலும் வலது கை, பிடில்காரர்களுக்கு இடது கை. அந்த ஒரு வேலையைச் செய்யும்போது மட்டும் வரும். இளநீர் வெட்டும்போது வராது.

சாதகம் செய், சாதகம் செய் என்றே நாம் எல்லாரும் வளர்க்கப்பட்டோம். பிள்ளைகளுக்கும் அதையே சொல்கிறோம். இந்த நோய்க்கு அந்த ஒரு மருந்துதான் ஆகாது. இதை நான் சொன்னபோது கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிடில் டீச்சர் மட்டும் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டார்.

ஃப்ளைஷருக்குச் சரியான பெயர் தெரிய ஏறக்குறைய முப்பது வருடம் பிடித்தது. நடுவில் மணிக்கட்டு நரம்பு நெருக்கம் என்று எண்ணி 1981-ல் அறுவை சிகிச்சையும் நடந்தது. அடுத்த வருடம் செப்டம்பரில் பால்டிமோரில் மேயர்ஹாஃப் அரங்கம் திறந்தபோது, ஃப்ராங்க் பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதிய சிம்ஃபானிக் வேரியேஷன்ஸை இரண்டு கையாலும் வாசித்தார். கை மீண்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின. மீளவில்லை என்பது வாசித்தவருக்குத் தெரியும். இதற்கிடையில் பழகியிருந்த இடது கை வாசிப்புக்கே மறுபடி திரும்பினார்.

இடது கை

இடது கைக்கு மட்டும் எழுதிய இசை ஐரோப்பாவில் ஒரு சின்ன நூலகம் அளவுக்கு இருக்கிறது. முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பால் விட்கென்ஸ்டைன் என்ற ஆஸ்திரியப் பியானோக்காரர் பணம் கொடுத்துப் பலரை எழுதவைத்தார். ரவேலின் இடக்கைக் கன்சர்ட்டோ அப்படி வந்து, 1932 ஜனவரியில் வியன்னாவில் அரங்கேறியது. ஹிண்டமித் என்ற இசையமைப்பாளர் 1923-ல் எழுதிக்கொடுத்தது விட்கென்ஸ்டைனுக்குப் பிடிக்கவில்லை. வாசிக்கவும் இல்லை, வேறொருவருக்குக் கொடுக்கவும் இல்லை, பூட்டி வைத்துவிட்டார். அவர் மனைவி இறந்த பிறகுதான் கையெழுத்துப் படி வெளியே வந்தது. 2004 டிசம்பரில் பெர்லினில் சைமன் ராட்டில் நடத்த, அதை முதன்முதலில் வாசித்தவர் ஃப்ளைஷர். எழுதி எண்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இடது கை தனியாக வாசிக்கும்போது ஒரு வசதி உண்டு. மேல் பக்கம் இருப்பது கட்டை விரல், கையிலேயே பலமான விரல். ராகம் அதன்மேல் உட்காரும். அடிச்சுரத்தைச் சுண்டு விரல் தட்டிவிட்டு நகர, காலால் மிதிக்கிற பெடல் அந்த ஒலியைப் பிடித்து வைத்திருக்கும். கண்ணை மூடிக் கேட்டால் ஒரு கை என்று தெரியாது. பாக் என்ற பழைய மேதை தனிப் பிடிலுக்கு எழுதிய ஷாகோன் என்ற உருப்படியை, பிராம்ஸ் இடது கைக்கு மட்டும் மாற்றி எழுதியிருக்கிறார். பியானோ கலைஞரான தோழி கிளாரா ஷூமன் வலது கை சுளுக்கியிருந்த நேரத்தில் அவருக்கு அனுப்பிவைத்தது. ஃப்ளைஷர் அதை எத்தனையோ மேடைகளில் வாசித்தார்.

இதோடு நிற்காமல் நடத்துநராகவும் ஆனார். 1967-ல் வாஷிங்டனில் ஒரு அறை இசைக்குழுவைத் தொடங்குவதில் பங்கு, 1970-ல் அன்னபோலிஸ் சிம்ஃபனி, பிறகு பால்டிமோர் சிம்ஃபனியில் இணை நடத்துநர். இந்தப் பகுதியை நான் வேகமாகத் தாண்டுகிறேன். இசைக்குழு நடத்துவது எனக்குத் தெரியாத வித்தை.

ஜோடி

காரி கிராஃப்மன் அவருடைய இளமைக்கால நண்பர், அதே 1928-ல் பிறந்தவர். விதியின் கூத்து, 1970-களின் கடைசியில் அவருக்கும் வலது கை மக்கர் செய்தது. இரண்டு நண்பர்கள், இரண்டு இடது கைகள். வில்லியம் போல்கம் என்ற இசையமைப்பாளர் இருவருக்குமாக எழுதியதன் அமைப்பைப் பாருங்கள்: ஒரு கன்சர்ட்டோவை ஃப்ளைஷர் தனியே வாசிக்கலாம், இன்னொன்றை கிராஃப்மன் தனியே வாசிக்கலாம், இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்த்து வாசித்தால் மூன்றாவதாக ஒன்று வரும். 1996-ல் பால்டிமோரில் அரங்கேறியது. மாமா இதைக் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் வேற வேற நடையில வாசிச்சு சமத்துக்கு வந்து சேர்ற மாதிரி" என்றார். அவ்வளவு சரியான ஒப்புமை இல்லை, ஆனால் நான் மறுக்கவில்லை.

இன்னொரு ஜோடி வீட்டுக்குள். மனைவி கேதரின் ஜேக்கப்சன் பீபடியில் அவரிடம் படித்தவர். பிற்காலத்தில் இருவரும் ஒரே பியானோவில் நாலு கையாகவும், இரண்டு பியானோவிலும் வாசித்தார்கள். மொசார்ட்டின் கே. 242 கன்சர்ட்டோவை இரண்டு பியானோவுக்கான வடிவத்தில் இருவரும் வாசித்த பதிவு 2009-ல் வெளிவந்தது.

ஒரே பியானோவில் இருவர் உட்காருவது கூட்டுக் குடும்பத்தில் அடுப்படி மாதிரி. எண்பத்தெட்டு கட்டைதான், முழங்கை இடிக்கும். மேல் பாதி ஒருவருக்கு, கீழ்ப் பாதி இன்னொருவருக்கு. பெடலை வழக்கமாகக் கீழ்ப் பாதிக்காரர் மிதிப்பார். அதாவது இன்னொருவருடைய ராகம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்று இவர் காதால் கேட்டுக் காலால் முடிவுசெய்வார். ஷூபர்ட் 1828-ல் எழுதிய எஃப் மைனர் ஃபேண்டஸியில் நடுவில் இருக்கிற இரண்டு கைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத குறை. நான் பிள்ளைகளை ஜோடியாக உட்காரவைத்தால் முதல் வாரம் சண்டை, இரண்டாம் வாரம் சிரிப்பு, மூன்றாம் வாரம்தான் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்க ஆரம்பிப்பார்கள்.

வாத்தியார்

இனி அந்த 1959. கை போன ஐந்து வருடத்துக்கு முன்னாலேயே பீபடியில் அவருக்கு ஒரு நாற்காலி இருந்தது. மேடை போனபோது போவதற்கு ஓர் இடமும், காத்திருக்கிற மாணவர்களும் இருந்தார்கள். கடைசிக் காலம் வரை அங்கேதான் சொல்லிக்கொடுத்தார். ஆண்ட்ரே வாட்ஸ், யெஃபிம் பிரான்ஃப்மன், லூயி லோர்ட்டி, ஜொனாதன் பிஸ் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். 1986 முதல் 1997 வரை டாங்கிள்வுட் இசை மையத்தின் கலை இயக்குநராகவும் இருந்தார்.

கை நன்றாக இருந்தபோது அவர் பாடம் நடத்திய விதம், நானும் நீங்களும் நடத்துகிற விதம்தான்: "தள்ளு, இப்படி" என்று மாணவரை நகர்த்திவிட்டு வாசித்துக் காட்டுவது. கை மடங்கியதும் அது முடியாமல் போயிற்று. ஒரு சுரவரிசை எங்கே மூச்சு வாங்குகிறது, ஏன் இந்தச் சுரம் அடுத்ததை நோக்கிச் சாய்கிறது என்பதை வாயால் சொல்ல வேண்டி வந்தது. சொல்வதற்கு முன்னால் அவரே அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதனாலேயே தான் நல்ல ஆசிரியரானதாக அவர் பலமுறை சொன்னார்.

அவர் சொல்லித்தந்தவற்றில் என் வகுப்பில் நான் தினமும் பயன்படுத்துவது ஒன்று உண்டு. வாசிக்கிறவருக்குள் மூன்று ஆள் இருக்க வேண்டும் என்பார். முதலாமவர் கட்டையைத் தொடுவதற்கு முன்பே மனத்தில் ஒலியைக் கேட்கிறவர். இரண்டாமவர் கட்டையை அழுத்துகிறவர். மூன்றாமவர் தள்ளி உட்கார்ந்து வந்த ஒலியைக் கேட்டு, முதலாமவர் நினைத்தது வந்ததா என்று இரண்டாமவருக்குச் சொல்கிறவர். மூவரும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோரிடம் இரண்டாமவர் மட்டும் இருப்பார், அதுவும் அவசரத்தில்.

எனக்கு இங்கே தோன்றுவது இது. நம் மிருதங்க வழியில் கை இல்லாமல் சொல்லித்தர ஏற்கெனவே ஒரு மொழி இருக்கிறது. சொற்கட்டு. தா தி தொம் நம் என்று வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டு, ஒரு முழுத் தனி ஆவர்த்தனத்தையும் மிருதங்கம் தொடாமல் பாடமாக்கிவிடலாம். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் மண்ணில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. கை நடுங்குகிற வயதிலும் ஒரு மிருதங்க வாத்தியார் வாத்தியாராகவே இருக்க முடிவதற்கு அது ஒரு காரணம். பியானோக்காரருக்கு அப்படி ஒரு மொழி கைவசம் இல்லை. ஃப்ளைஷர் நடுத்தர வயதில் உட்கார்ந்து தனக்கென்று ஒன்றைச் செய்துகொண்டார். மேடைப் பதிவுகளைவிட இதை நான் பெரிதாக நினைக்கிறேன். மாமா ஒத்துக்கொண்டார், பிடில் டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "பிராம்ஸைக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்கோ" என்றார். எனக்கும் அந்தக் கேசட் நினைவுக்கு வந்து வாய் அடைத்துவிட்டது.

திரும்பி வந்தது என்ற பேச்சு

பாலக்காட்டில் இந்தக் கதையைச் சொன்னால் உடனே பாடகர் செம்பை ஞாபகம் வரும். வைத்தியநாத பாகவதருக்குக் குரல் அடைபட்டுப் போனதும், சில வருடம் கழித்துத் திரும்பியதும், குருவாயூரப்பன் தந்த குரல் என்று அவர் நம்பியதும் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஃப்ளைஷர் கதையையும் அந்த அச்சில் வார்த்துவிட எல்லாருக்கும் ஆசை. முப்பது வருடத்துக்குப் பிறகு கை வந்தது, 2004-ல் இரண்டு கையாலும் வாசித்த இசைத்தட்டு வந்தது, சுபம்.

நடந்தது வேறு. 1990-களின் நடுவில் போடாக்ஸ் ஊசி போட ஆரம்பித்தார்கள். முகச் சுருக்கத்துக்குப் போடுகிற அதே மருந்து. இழுக்கிற தசையைக் கொஞ்சம் தளர்த்திவிடும். சில மாதங்களில் வேகம் குறைந்துவிடும், மறுபடி போட வேண்டும். கூடவே கையையும் தோளையும் ஆழமாகப் பிசைந்து தளர்த்துகிற சிகிச்சை. டிஸ்டோனியா போகவே இல்லை. ஒவ்வொரு துண்டையும் எடுக்கும்போது எந்த விரலை நம்பலாம், எந்த இடத்தில் விரல் வரிசையை மாற்ற வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வாசித்தார். 2004 தட்டில் ஷூபர்ட்டின் பி ஃபிளாட் சொனாட்டாவைக் கேளுங்கள். ஸெல் காலத்துப் பாய்ச்சல் அதில் இல்லை. ஒவ்வொரு சுரத்தையும் வைக்க இடம் பார்த்து வைக்கிற நிதானம் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 2-ல், தொண்ணூற்றிரண்டாவது வயதில் பால்டிமோரில் காலமானார்.

எங்கள் பையன்

இதையெல்லாம் அவனிடம் சுருக்கிச் சொன்னேன். அமெரிக்கக்காரர் பெயர் அவன் மனத்தில் நிற்கவில்லை, "அந்த ரெண்டு விரல் தாத்தா" என்கிறான். முதல் காரியமாக ஐந்து மணி நேர சாதகத்தை நிறுத்தச் சொன்னேன். இரண்டாவது, வேலந்தாவளம் தாண்டிக் கோயமுத்தூரில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் அனுப்பினேன். அவர் மேசைமேல் விரலை ஓட்டச் சொல்லியிருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. கட்டையில்தான் மடங்கும் என்று இவன் சொன்னதும் சிரித்திருக்கிறார், அப்போதே பாதி புரிந்திருக்கும்போல.

இப்போது குழுவில் இரண்டு கீபோர்டு. இவன் இடது கையால் அடிச்சுரமும் தாளக்கட்டும் பார்த்துக்கொள்கிறான். மேல்வரிசையை, என்னிடம் படித்த ஒரு பெண் பிள்ளை வாசிக்கிறாள். ஒரு ஆள் வேலைக்கு இரண்டு சம்பளமா என்று குழுத் தலைவர் முனகுகிறார். சனிக்கிழமை காலையில் என் திண்ணையில் ஆறு பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறான். வாசித்துக் காட்டக் கூடாது என்று நான் தடை போட்டிருக்கிறேன். முதல் நாள் திணறினான். அதற்கடுத்த வாரம் ஒரு பிள்ளையிடம், "அந்த எடத்துல வண்டி மேடு ஏர்ற மாதிரி வரோணும், எறக்கத்துல பிரேக் புடிக்காத" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பிள்ளை சரியாக வாசித்தது.

ஊசி போடுவதா வேண்டாமா என்று டாக்டர் இன்னும் முடிவு செய்யவில்லை. விரல் மடங்குவதை நேரில் பார்க்க வேண்டுமாம், அடுத்த தடவை கீபோர்டையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் அதற்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் போடுவார்களா என்பதுதான் இவன் இப்போதைய கவலை.